நான்காவது சீட்டு

மக்லோன் என்றால் நோயாளி. இன்று காலை ஆறரை மணிக்கு, ஒரு கையில் காபி டம்ளரோடு, என் நோட்டில், என் கையெழுத்தில், நானே இதை வாசித்தேன். இப்போது மணி ஒன்பது நாற்பது. கோவிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் போய்விட்டது, காற்றாடிகள் நின்றுவிட்டன, ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறித் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், இவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, என்னிடம் படித்திருக்க வேண்டிய வயசு. அவர் பேசி முடித்ததும் நான் எழுந்து ஞானஸ்நானத் தொட்டியருகே போக வேண்டும், ஹெப்சியின் பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும், "இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்" என்று ஐயர் கேட்டதும் ஞானத்தாயாகிய நான் உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் பெற்றவர்கள் பெயரைச் சொல்வதில்லை. ஞானத்தாய் சொல்வதை ஐயர் திருப்பிச் சொல்லித் தண்ணீர் ஊற்றுவார், ஊற்றியபின் பரலோகத்திலும் பஞ்சாயத்து ஆபீசிலும் அதுதான் பெயர். சபையில் எல்லாரும் விசிறிக்கொண்டிருப்பது அழைப்பிதழ் அட்டையால். பிள்ளையின் தகப்பன் கிங்ஸ்டன் இருநூறு அட்டை அடித்திருக்கிறான். நீலக் கரை, மூலையில் ஒரு புறா, நடுவில் பொன்னெழுத்தில் மக்லோன், அதற்குக் கீழே சின்னதாக 'இனிமையானவன்'. அந்த அர்த்தம் நான் சொன்னது. இருநூறு இனிமையானவன் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கிறது, காற்று வந்தபாடில்லை.

ஒரு வரி. ஒரே ஒரு வரி தப்பிவிட்டது. வேதத்துப் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் எழுதிவைத்த நாற்பத்திரண்டு வருஷத்து நோட்டு அது, பைண்டிங் இரண்டு தடவை பிரிந்து கோந்து போட்டு ஒட்டியிருக்கிறேன். அகர வரிசையில் எழுதியிருக்கலாம், முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு அகராதி பார்க்கக் கற்றுக்கொடுத்தவள்தானே நான். ஆனால் வேதத்தில் எந்த வரிசையில் வருகிறார்களோ அதே வரிசையில் எழுதினேன், ஆதாமில் தொடங்கி. அப்படி எழுதினால் குடும்பம் குடும்பமாக இருக்கும், தகப்பன், அவனுக்குக் கீழே பெண்டாட்டி, அவளுக்குக் கீழே பிள்ளைகள். எலிமெலேக்கு, என் தேவன் ராஜா. அடுத்த வரி நகோமி, இனிமை. அடுத்த வரி மக்லோன். அதற்கடுத்து அவன் தம்பி கிலியோன், அழிந்துபோகிறவன். பஞ்சத்துக்குப் பயந்து பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போன குடும்பம், போன இடத்தில் தகப்பன் செத்தான், பத்து வருஷத்தில் இரண்டு பையன்களும் செத்தார்கள். கதை எனக்குத் தெரியாதா? ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆனால் கதை சொல்லும்போது மருமகள் ரூத்தைப் பற்றித்தான் பேசுவோம், செத்த பையன்களின் பெயரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், ரூத்தின் புருஷன் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோய்விடுவோம். ஹெப்சியும் கிங்ஸ்டனும் பெயர் கேட்டு வந்த அன்றைக்கு என் இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எழுத்தெல்லாம் கஞ்சித் தண்ணீருக்குள் கிடந்த மாதிரி தெரிந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அந்த எட்வின் சார் இருக்கிறார், போனில் தட்டிப் பார்த்து அர்த்தம் சொல்கிறவர், ஊர் மொத்தமும் அவர் வீட்டுக்குப் போய்விடும். அந்த வீறாப்பில் விரலை வைத்து, தடவி, வாசித்தேன். விரல் ஒரு வரி மேலே நின்றது. மூன்று வாரத்துக்கு முன் வலது கண்ணில் ஆபரேஷன், நேற்றுத்தான் புதுக் கண்ணாடி. ஞானஸ்நானத் தேதியைக் குறித்து வைப்போம் என்று காலையில் நோட்டைத் திறந்தேன். கண் தெரிந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியவள், கண் தெரிந்ததே என்று நடுங்கினேன்.

எபிரெயப் பெயர் நம் பெயர் மாதிரி இல்லை. நாம் அழகுக்கு வைப்போம், தாத்தாவுக்காக வைப்போம், சினிமாவைப் பார்த்து வைப்போம். அவர்களுக்குப் பெயர் என்பது பிள்ளை பிறந்த நிமிஷத்தில் தாயின் வாயிலிருந்து வந்த பேச்சு. சிரித்தாள், ஈசாக்கு. கேட்டு வாங்கினாள், சாமுவேல். அண்ணனின் குதிங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தான், யாக்கோபு. தேனீ என்றால் தெபோராள், பெண்ணாடு என்றால் ராகேல், புறா என்றால் யோனா. என் பெயர் கெத்சீயாள், யோபுவுக்குப் பாடெல்லாம் தீர்ந்த பிறகு பிறந்த மூன்று பெண்களில் நடுப்பெண், பொருள் லவங்கப்பட்டை. தெரியாத்தனமாக ஒரு வகுப்பில் அதைச் சொல்லிவிட்டேன், ரிட்டயர் ஆகும்வரை பட்டை டீச்சர்தான். ஏல் என்று முடிந்தால் உள்ளே தேவன் இருக்கிறார், யா என்று முடிந்தால் யெகோவா இருக்கிறார், ஒன்றும் தெரியாவிட்டாலும் கடைசி எழுத்தைப் பார்த்து வையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். கிங்ஸ்டனிடமும் சொன்னேன். "டீச்சர், எங்கப்பா பேரு மனாசே, அதனால ம-வுல ஆரம்பிக்கணும். ஆனா ஊர்ல ஒரு பிள்ளைக்கும் அந்தப் பேரு இருக்கக் கூடாது பாத்துக்கிடுங்க" என்றான். "மனாசேன்னா மறக்கடிக்கிறவன்லே. எங்கிட்ட வாங்கிட்டுப் போன குடைய உங்கப்பா இன்னும் தரல, பேருக்குத் தப்பாத மனுஷன்" என்றேன், மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். நாலு சீட்டு எழுதினேன். மத்தனியா, யெகோவாவின் ஈவு. மிகாயா, யெகோவாவுக்கு நிகர் யார். மல்கியா, யெகோவா என் ராஜா. மூன்று போதும் என்று நிறுத்தியிருக்கலாம். நாலாவதாக ஒன்று கொஞ்சம் ஸ்டைலாக இருக்கட்டும் என்று கிங்ஸ்டன் சொன்னதற்காகத் தேடி எழுதினேன். நாலையும் மடித்து வேதத்துக்குள் வைத்து, ஜெபம் பண்ணி, ஹெப்சி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். மூன்று பெயரில் ஆண்டவர் இருந்தார். ஒன்றில் மட்டும்தான் இல்லை. அவள் கை அந்த ஒன்றுக்குத்தான் போனது.

சீட்டில் வந்தது ஆண்டவர் சித்தம், மாற்றக் கூடாது, அது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை நான்தான் அதட்டி அதட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். இரண்டாம் முறை எடுக்கலாமா என்று கேட்டவர்களை, "ஆண்டவர் என்ன, ரெண்டு தடவ யோசிக்கிறவரா?" என்று வாயடைத்திருக்கிறேன். இப்போது யார் வாயை அடைப்பது. முன்பெஞ்சில் ஹெப்சியின் முதுகு தெரிகிறது, பச்சைப் பட்டு, தோளில் பிள்ளையின் தலை, வெள்ளைத் தொப்பி. நாலு மாசம் ஆகிறது, தலை இன்னும் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்துக்கு மேலே போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, பயத்தில் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. எட்டாம் மாசமே பிறந்தவன். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். ஹெப்சி நாற்பது நாளும் பெட்டிக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், நான் பார்க்கப் போனபோது பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள், என்னோடு பேசும்போதும் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. ஹெப்சிபா, என் பிரியம் அவளில் இருக்கிறது. அவளுக்கும் நான்தான் பெயர் எடுத்துக் கொடுத்தேன். இன்று காலை கோவில் வாசலில் அவளைப் பிடித்துவிட்டேன். "ஏட்டி ஹெப்சி, ஒரு நிமிஷம் நில்லு." "டீச்சர், கண்ணு நல்லாத் தெரியுதா? இந்தாங்க, உங்க பேரனப் பாருங்க" என்று துணியை விலக்கிக் காட்டினாள். நல்லாத் தெரிந்தது. நகக்கண்ணில் நீலம் இருந்தது. மூச்சு உள்ளே போகும்போது தொண்டைக்குழி ஒரு சின்னக் குழியாக விழுந்து எழும்பியது. "சளி கட்டியிருக்கு டீச்சர், மருந்து குடுத்திருக்கு. நாளைக்குத் திரும்பக் காட்டணும்" என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நோயாளி என்ற வார்த்தையை எப்படிச் சொல்வேன்? சொன்ன மாத்திரத்தில் அது ஒட்டிக்கொள்ளாதா? நோட்டுக்குள் கிடந்தவரை அது வெறும் எழுத்து, தாயின் காதில் விழுந்தால் அது தீர்ப்பு. "ஒண்ணுமில்லட்டி, தொப்பிய இறக்கி விடு, காத்து படுது" என்றேன். காற்று எங்கே இருந்தது.

ஐயர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரியவில்லை, கானான் என்கிறார், நாற்பது வருஷம் என்கிறார். அந்தத் தொட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதே தொட்டிதான். விளிம்பில் கல் பெயர்ந்த இடம் அறுபத்தொரு வருஷமாக அப்படியே இருக்கிறது. எனக்குப் பத்து வயசு, கையில் பால்புட்டியோடு நின்றேன். அம்மாவை அடக்கம் பண்ணி மூன்று வாரம். அப்பா இந்தக் கோவிலின் உபதேசியார், ஊருக்கே வேதம் சொல்லிக்கொடுத்தவர், பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டு அம்மா போனதும் யாரோடும் பேசவில்லை. பெயரைச் சொல்ல ஞானத்தாயாக நின்ற பெரியம்மா வாயைத் திறக்க மாட்டேன் என்றாள், முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள், கடைசியில் அப்பாவே சொன்னார், பெனொனி. என் துக்கத்தின் மகன். ராகேல் சாகும்போது தன் பிள்ளைக்கு வைத்த பெயர், யாக்கோபு உடனே அதை மாற்றிவிட்டான். அன்றைய ஐயர் தண்ணீரில் வைத்த கையை எடுக்கவில்லை. "உபதேசியாரே, யாக்கோபு செஞ்ச மாதிரி நீரும் பென்யமீன்னு வச்சிரும்" என்றார். "யாக்கோபுக்கு இன்னும் மூணு பெண்டாட்டி இருந்தாங்கய்யா. எனக்கு ஒருத்திதான்" என்றார் அப்பா. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, பென்யமீன் பென்யமீன் என்று கத்த வேண்டும், நான் கத்தியிருந்தால் ஐயர் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஊற்றியிருப்பார், அவர் கண் அப்படித்தான் சுற்றிச் சுற்றி யாரையோ தேடியது. பால்புட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி பென்னியை நான்தான் வளர்த்தேன். துக்கத்தின் மகன் என்று பெயர் வைத்தால் அவன் எப்போது பார்த்தாலும் சிரிப்பான், சோற்றுப் பானையைப் போட்டு உடைத்துவிட்டும் சிரிப்பான், அடித்தால் அடிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், சரி, பெயர் பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது வயசு. கிறிஸ்துமஸ் பஜனைக்கு மைக் செட் எடுத்து வருகிறேன் என்று சைக்கிளில் போனான், தேரிமணல் ஏற்றி வந்த லாரி. ஸ்பீக்கர் குழாய் ரோட்டில் உருண்டு கிடந்ததாம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாரோ சொன்னார்கள். குழிக்கு மண் போடும்போது அப்பா என் காதருகே வந்து, "ஒரு வார்த்தைய மாத்தியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மறுமாசம் நான் நோட்டு வாங்கினேன். இந்த ஊரில் இனி ஒரு பிள்ளையும் கெட்ட பெயரோடு அந்தத் தொட்டியை விட்டு வரக் கூடாது என்றுதான் வாங்கினேன்.

ஆண்டவரே, நான் நம்புவது உம்மையா பெயரையா? உம்மை நம்புகிறவள் என்றால் மக்லோன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். மோசேக்கு என்ன பெயர், தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவன், எகிப்துக்காரி வைத்த பெயர், அதையும் வைத்துக்கொண்டுதானே நீர் வேலை வாங்கினீர். யாபேஸ் என்றால் வேதனை, அந்தப் பையன் ஜெபம் பண்ணித் தப்பித்தானே. இதெல்லாம் எனக்குத் தெரியும், பிறருக்குச் சொல்லவும் தெரியும். ஆனாலும் இங்கே அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறதே ஒன்று, அதற்கு எந்த வசனமும் தெரியாது. பிள்ளை இருமுகிறான். சின்ன இருமல், காகிதம் கிழிகிற மாதிரி. ஹெப்சியின் கை அவன் முதுகைத் தட்டுகிறது, தட்டுகிறது, நின்று கேட்கிறது, மறுபடி தட்டுகிறது. ஐயர் கானானுக்குள் நுழைந்துவிட்டார், இன்னும் ஐந்து நிமிஷம். நான் சொல்லிவிடுவேன். யாக்கோபு செய்ததை நான் செய்வேன், பென்யமீன் என்பேன், வலதுகையின் மகன், பலமுள்ள பெயர், முதுகுத்தண்டு உள்ள பெயர். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் ஆண்டவர் காட்டினார் என்பேன். பொய்தான், அவர் பெயரில் பொய், அதற்கு என்ன தண்டனையோ அது எனக்கு வரட்டும், எழுபத்தொரு வயசுக்காரிக்கு வரட்டும். எட்வின் சார் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார், சிரிக்கட்டும். ம-வில் இல்லையே என்று கிங்ஸ்டன் முகம் சுருங்கும், சுருங்கட்டும். பெண்கள் பக்கம் அட்டை விசிறுவது ஏன் இப்படி ஒரே தாளத்தில் கேட்கிறது. பென்யமீன், பென்யமீன், பென்யமீன். அன்றைக்குக் கத்தாததை இன்றைக்குச் சொல்லப்போகிறேன், பென்னி, கேட்கிறதா, உனக்குச் சொல்லாததை இவனுக்குச் சொல்லப்போகிறேன். அவன் சிரிக்கிறான். சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "வாரேங்க்கா" என்று சிரிக்கிறான். போடா, இப்போது வராதே, பென்யமீன், பென்யமீன். ஆமென் என்கிறார் ஐயர்.

எழுந்து வந்து தொட்டியருகே நிற்கிறேன். ஹெப்சி பிள்ளையை என் கையில் வைக்கிறாள், கனமே இல்லை, துணிதான் கனக்கிறது. புதுக் கண்ணில் எல்லாம் கூசுகிறது, தண்ணீர், வெள்ளி ஜாடி, விளிம்பில் பெயர்ந்த கல். பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறான், சிரிக்கிற மாதிரி வாயைக் கோணுகிறான், அவன் நெஞ்சின் கர்ர் என்ற சத்தம் என் உள்ளங்கைக்குத் தெரிகிறது. "இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்." வாயைத் திறக்கிறேன். "பெனொனி" என்கிறேன். யாரோ வேறொருவர் சொன்னதுபோல் அது கூரைவரை போய்க் கேட்கிறது. அட்டைகள் நின்றுவிட்டன. ஐயர் தன் கையிலிருந்த தாளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அவருக்கு அர்த்தம் தெரியும், அது தெரிந்தவர் பார்வை. தண்ணீரில் வைத்த கையை எடுக்காமல், மெதுவாக, "இதுதானா டீச்சர்?" என்று கேட்கிறார். இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தைதான். இல்லை என்றால் எது என்பார், ஏன் என்பார், சீட்டில் வந்தது என்ன ஆயிற்று என்பார், இருநூறு அட்டையும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இனிமையானவன் இனிமையானவன் என்று. "டீச்சருக்கு ஆண்டவர் காட்டியிருப்பாருய்யா. அவங்க சொன்னா சரிதான், ஊத்துங்க" என்கிறான் கிங்ஸ்டன். ஐயர் இன்னும் என் முகத்தையே பார்க்கிறார். பத்து வயசில் பால்புட்டியைப் பிடித்திருந்த மாதிரி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் தலையை அசைக்கிறேன். பெனொனி, என்று ஐயர் தொடங்குகிறார், பிதாவின் பெயரால் ஒரு கை, குமாரனின் பெயரால் ஒரு கை, ஆவியின் பெயரால் ஒரு கை. தண்ணீர் பிள்ளையின் நெற்றியில் வழிந்து என் மணிக்கட்டில் இறங்குகிறது. பிள்ளை அழவில்லை, அழுதால் நன்றாக இருக்கும், அழமாட்டானா என்று பார்க்கிறேன். சபை பாட எழுந்து நிற்கிறது. ஹெப்சி என் தோளோடு ஒட்டி நின்று, பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டே, கண்ணெல்லாம் நீராக, காதோடு கேட்கிறாள். "நல்ல பேரு டீச்சர். அர்த்தம் என்ன டீச்சர்?"

"இனிமையானவன்" என்கிறேன்.